எங்கள் வீட்டுக் கேப்ஸ்யூல் தர்மம்

என் கணவர் மருத்துவம் படித்தவரில்லை. இந்தச் சின்னக் குறையை அவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவரிடம் மருந்து வாங்கி விழுங்கியவர்களும் எடுத்துக்கொண்டதில்லை. ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் குடியிருப்புக்கு இலவச வைத்தியரானார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தத் தகுதியை அவருக்குக் கொடுத்தது அவருடைய இதயம்தான். சின்ன வயதில் நாகர்கோவிலில் இருந்தபோது தொண்டைவலியோடு வந்த ஒரு காய்ச்சல் மூட்டுகளில் இறங்கி, போகிற போக்கில் இதய வால்வையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் அது தெரிந்தது. நெஞ்சைத் திறந்து பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். வீடு அமைதியாக இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு டிக் டிக் என்று கேட்கும். வந்தவர்கள் சுவர்க்கடிகாரத்தைத் தேடுவார்கள். இவர் பெருமையாகத் தன் மார்பைத் தொட்டுக் காட்டுவார். நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டவனுக்கு டாக்டரைவிட நாலு விஷயம் கூடுதலாகத் தெரியும் என்பது அவருடைய கட்சி.

மலையாளம் பேசுகிற ஊரில், ஸ்ரீவராகத்தின் பழைய தெருக்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஃப்ளாட். இங்கே எல்லோரும் படித்தவர்கள். படிக்காதவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவார்கள். படித்தவர்கள் தாங்களே முடிவு செய்வார்கள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி எங்கள் மாடியில் ஆன்டிபயாடிக் கேட்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. எப்போதாவது போகிறவர்களுக்கு டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுப்பார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். மிச்சத்தை விழுங்குவது வீண், தூர எறிவது பாவம். ஆகவே மிச்சமெல்லாம் என் கணவரிடம் வந்து சேரும். அவர் அதைப் பத்திரப்படுத்தி, அடுத்து தும்முகிறவருக்குத் தானம் செய்வார். அவருடைய பழைய அலுவலகத்தில்கூட ஒரு பைசா இவ்வளவு நேர்மையாகக் கைமாறியிருக்காது.

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து வருவது இன்னும் விசேஷம். லீவில் வருகிறவர்கள் பேரீச்சம்பழமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள், கூடவே ஓர் அட்டை மாத்திரை. அட்டையில் அரபி எழுத்து இருந்தால் வீரியம் அதிகம் என்பது எங்கள் லிஃப்டில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்காது என்று மருந்துக்கடைகளில் எழுதி ஒட்டினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு இவருடைய செல்வாக்கு இன்னும் ஏறியது. அசோசியேஷன் தேர்தலில் நின்றிருந்தால் எதிர்த்து நிற்க ஆள் இருந்திருக்காது.

ஒருதடவை குடியிருப்பில் எல்லோருமாக பஸ் பிடித்துப் பொன்முடி போனோம். கல்லாற்றில் இறங்கி, கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கித் தின்றுவிட்டு, ஆற்றில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டம்மாவுக்கு வயிறு கலங்கியது. இவர் சட்டைப் பையில் கைவிட்டார். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் கேமரா கொண்டுவருவார்கள், இவர் கேப்ஸ்யூல் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மா ஒன்றை விழுங்கினார். வயிறு கலங்காதவர்களும் முன்னெச்சரிக்கையாக ஆளுக்கு ஒன்று வாங்கி விழுங்கினார்கள். மலை ஏறும்போது பஸ் முழுக்க இவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மனம் மாறினார். காலையில் நடக்கப் போகிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு. நடப்பது கொஞ்சம், பேசுவது நிறைய. அவர்கள் ஒரு டாக்டரை அழைத்து ஆன்டிபயாடிக் பற்றிப் பேச வைத்தார்கள். கண்டபடி மருந்து தின்றால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், பிறகு உயிர்போகிற வேளையில் மருந்து வேலை செய்யாது என்று அவர் சொல்லியிருக்கிறார். என் கணவர் வீட்டுக்கு வந்ததும் அதையே தானே கண்டுபிடித்தது போல எனக்குச் சொன்னார். மறுநாளிலிருந்து குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போய், கிருமிகள் பற்றிய எச்சரிக்கை வர ஆரம்பித்தது. லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் பிரசங்கம். அப்படியானால் சேர்த்துவைத்திருந்த மாத்திரைகளைத் தூக்கி எறிந்தாரா என்று கேட்காதீர்கள். கொள்கை வேறு, சொத்து வேறு.

இந்தப் புது ஞானம் பிறந்து சில நாளில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வால்வு வைத்த நாளிலிருந்து டாக்டர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பல்லில் கை வைக்கும்போது ஈறு கிழிந்து வாயிலுள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். மற்றவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வராது. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அவை வால்வில் போய் ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடலாம். அதனால் பல் டாக்டரிடம் போகிறதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் ஒரு வேளை முழு அளவாக விழுங்க வேண்டும். அவர் வாழ்நாளில் விழுங்கிய அத்தனை கேப்ஸ்யூல்களிலும் நியாயமானது அந்த ஒரு வேளை மட்டும்தான்.

அதை அவர் விழுங்கவில்லை. நான் கேப்ஸ்யூல்களை எடுத்து ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது ஆள் கிளம்பிவிட்டார், கேப்ஸ்யூல் அப்படியே இருந்தது. போன் செய்தேன். எடுக்கவில்லை. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தவரிடம் கேட்டதற்கு, வீங்கிய கன்னத்தோடு சொன்னார்:

"ஒரு நேரம் நான் தின்னாம விட்டா லோகத்துக்கு ஒரு உபகாரமாக்கும்."

மருந்து சாப்பிட்டாயிற்றா என்று பல் டாக்டர் கேட்டாராம். இவர் தலையாட்டினாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சளிக்கும் தும்மலுக்கும் கைநிறைய விழுங்கிய மனிதர், உலகத்தைக் காப்பாற்றுவதற்குப் பார்த்து எடுத்த நாள் அது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி கஞ்சியில் உப்புப் போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

சில வாரம் கழிந்து சாயங்காலமானால் உடம்பு சுட ஆரம்பித்தது. கொதிக்கிற காய்ச்சல் இல்லை. ஒரு சோர்வு, பசியின்மை, போர்வையைத் தேடுகிற குளிர். காய்ச்சல் வந்ததும் கொள்கை போய்விட்டது. சேர்த்து வைத்ததிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து விழுங்கினார். காய்ச்சல் விட்டது. உடனே மருந்தையும் விட்டார். காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை அரபி எழுத்துப் போட்டது. அதுவும் இரண்டு நாள் கேட்டது. இப்படியே மாறி மாறி ஒரு மாதம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம், நல்ல குணம் தெரிகிறது என்பார். குணம் தெரிந்தது உண்மைதான், அவருடைய குணம்.

கடைசியில் விரல் நுனிகளில் சின்னச் சின்னதாகச் சிவந்த முடிச்சுகள் வந்தன. தொட்டால் வலித்தது. இட்லியைப் பிய்க்க முடியாமல் கையை இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் அவருக்குச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டர், பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவள் இவருடைய வியாக்கியானம் எதையும் கேட்காமல் விரல்களைப் பார்த்தாள், கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு எக்கோ எடுத்தார்கள். உலோக வால்வின் ஓரத்தில் கிருமிகள் கூடு கட்டியிருந்தன. திரையில் அது காற்றில் ஆடுகிற நூல் போல ஆடியது. அதில் ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், மருந்தில் அடங்காவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும், இந்த வயதில் இரண்டாவது தடவை திறப்பது எளிதல்ல என்று டாக்டர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து வராந்தாவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ன கிருமி என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். வளர்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை. என் கணவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா, கிருமியே இல்ல" என்றார். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிருமி இல்லாமல் இல்லை, ஒரு மாதமாக அவர் மாற்றி மாற்றி விழுங்கிய கேப்ஸ்யூல்களுக்குப் பயந்து தலையைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது என்றாள். கொல்கிற அளவுக்கு மருந்து போகவில்லை, ஒளிந்துகொள்கிற அளவுக்குத்தான் போயிருக்கிறது. எது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது? ஆகவே அவர் கொஞ்சம் தாங்குவார் என்று பார்த்து, எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டு, காய்ச்சலை வரவிட்டு, மறுபடி ரத்தம் எடுப்பதாக முடிவு செய்தார்கள்.

வாழ்க்கை முழுக்க மருந்து தின்ற மனிதர் மருந்து வேண்டிய நேரத்தில் மருந்தில்லாமல் படுத்திருந்தார். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. எனக்கிருந்த ஒரே பயம் அந்த ஆடுகிற நூல். அது எந்த நேரத்தில் பிய்ந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் அவர் கண் விழித்ததும் நான் சண்டையை ஆரம்பிப்பேன். பல் பிடுங்கிய கதையை எடுப்பேன், அவருடைய தங்கை என் கல்யாணத்தில் சொன்னதை எடுப்பேன், கிடைத்ததையெல்லாம் எடுப்பேன். அவர் எரிச்சலோடு முழு வாக்கியமாகப் பதில் சொல்வார். நாக்கு குழறவில்லை, வாய் கோணவில்லை, பழைய வம்பெல்லாம் நினைவில் இருக்கிறது. அப்பாடா என்று போய்க் காப்பி வாங்கி வருவேன். நான் ஏன் இப்படிப் படுத்துகிறேன் என்று அவர் சிஸ்டரிடம் புகார் சொன்னார். சிஸ்டருக்குக் காரணம் தெரிந்திருந்தது.

பார்க்க வந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். குடியிருப்பே திரண்டு வந்தது. ஆரஞ்சு வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, இதே நோயில் செத்துப்போனவர்களின் விவரங்கள் வந்தன. மேல்மாடிக்காரர் ஒருவர், என் கணவரிடம் பலமுறை வைத்தியம் பார்த்துக்கொண்டவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் எதையோ செருகினார். எடுத்துப் பார்த்தால் மஸ்கட்டிலிருந்து வந்த ஓர் அட்டை கேப்ஸ்யூல்.

"சாரே, இது நல்ல ஸ்ட்ராங்காணு. டாக்டரோடு பறயண்டா."

டாக்டரிடம் சொல்ல வேண்டாமாம். நன்றிக்கடன் என்றால் இதுதான். நான் அந்த அட்டையை வாங்கி, அவர் கண் முன்னாலேயே டாக்டரிடம் கொடுத்தேன். மேல்மாடிக்காரர் இன்றுவரை என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

காய்ச்சல் ஏறிய பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. அந்த ரத்தத்தை எடுத்த கையோடு, இனித் தாங்காது என்று, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். வளர்ந்தது சாதாரணமாக எல்லோர் வாயிலும் இருக்கிற கிருமி. அந்தக் கிருமிக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் பெனிசிலின் போதும், சொன்னபடி கேட்கும் என்றாள் டாக்டர். இவருடைய வாயிலிருந்து போனது பெனிசிலினுக்கு அசையவில்லை. அதன் தம்பி தங்கை மருந்துகளுக்கும் அசையவில்லை. எங்கள் ஃப்ளாட்டில் கைமாறிய மருந்துகளில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. வான்கோமைசின் என்று ஒன்று மட்டும் நிச்சயமாகக் கேட்கும் என்று பரிசோதனையில் வந்தது. அதை மாத்திரையாக விழுங்கி இதற்குப் பயனில்லை, நரம்பு வழியே வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தையும் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் டாக்டர் அவரிடம், சமீப வருஷங்களில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். இவருக்கு நேர்முகத் தேர்வில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி ஆகிவிட்டது. தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெயர், நிறம், எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, தான் யார் யாருக்குக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் முதலில் எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அவர் முடித்ததும், இத்தனை வருஷமாக நீங்கள் கிருமிகளைக் கொல்லவில்லை அங்கிள், அவற்றுக்கு மருந்துகளை அறிமுகம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்றாள். தாங்காதது செத்தது, தாங்கியது மட்டும் பிழைத்துப் பெருகியது. இது உங்கள் வாயோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், நீங்கள் மருந்து கொடுத்தவர்கள், அவர்கள் உடம்பிலும் இதே பாடம்தான் நடந்திருக்கும் என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அன்று முழுக்க அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் எவ்வளவு வம்புக்கு இழுத்தும் வாயைத் திறக்காததால், பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று பதறி சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் வந்து கையைத் தூக்கச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. பேச மனமில்லை, அவ்வளவுதான்.

மருந்து கேட்டது. நடுவில் ஒருமுறை சிறுநீரகம் முரண்டு பிடித்தது. அளவைக் குறைத்து, நாளைத் தள்ளி, மறுபடி ஏற்றினார்கள். கை நரம்பெல்லாம் தடித்துப்போய் ஊசி குத்த இடமில்லாமல் ஆனது. வாரக்கணக்கில் அந்தப் படுக்கையில் கிடந்தார். எக்கோவில் ஆடிக்கொண்டிருந்த நூல் சுருங்கி, பிறகு தழும்பு மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை என்று சொன்ன அன்று நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். இந்தத் தடவை நம்மிடம் ஒரு மருந்து மிச்சம் இருந்தது ஆன்ட்டி, அடுத்த தடவை இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அவர் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நான் ஒரு பையில் அள்ளி, ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் ஒப்படைத்தேன். குப்பையில் போட்டால் மண்ணிலுள்ள கிருமிகளும் படித்துவிடும் என்றார்கள். மருந்து கேட்டு வந்தவர்களை அவர் கதவிலேயே திருப்பி அனுப்பினார். சாருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். ஆபரேஷன் நடக்கவே இல்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது. நான் துணியை மடித்துக்கொண்டே ரெண்டு தடவை இருமினேன். தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு, வேறொன்றுமில்லை. முன்பானால் நான் மூன்றாவது தடவை இருமும் முன்பே உள்ளங்கையில் கேப்ஸ்யூலோடு வந்து நின்றிருப்பார். நானும் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி விழுங்கியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது. அவருடைய முதல் நோயாளி நான்தான். மற்றவர்களெல்லாம் எனக்குப் பிறகு வந்தவர்கள்.

அன்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வெறுங்கையோடு வந்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்தார், பிறகு கழுத்தில் வைத்தார். சூடு இல்லை என்று நான் சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றதால் அவர் நெஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டது.

"உனக்கும் நான்தானே குடுத்தேன்" என்றார்.

"ஆமா."

"எல்லாத்துக்கும் குடுத்தேன்."

"குடுத்தீங்க. நானும் முழுங்கினேன்."

குத்திக்காட்ட எனக்கு நல்ல சந்தர்ப்பம் அது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களில் இப்படி ஒரு நேரத்துக்கென்றே எத்தனையோ பேச்சு யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, கழுத்திலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனி உனக்கொரு காச்சல் வந்தா நான் என்ன செய்யதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை என்றேன்.